வன்தட்டைக் காணவில்லையா? பதறாமல் பார்ப்போம்



எங்கள் கிராமங்களில் கணனி இன்று புதுமையான பொருள் அல்ல. மாதர் சங்க அறையில், முன்பள்ளியில், சனசமூக நிலையத்தில், பிள்ளைகள் படிக்கும் வீடுகளில் என்று எங்கும் ஒரு மேசைக் கணனியைக் காணலாம். பெரும்பாலானவை புதியவை அல்ல. ஏதோ ஒரு திட்டத்தில் கிடைத்தவை, வெளிநாட்டு உறவினர் அனுப்பிய காசில் வாங்கியவை, ஓர் அலுவலகம் பாவித்து முடித்துத் தந்தவை. பத்துப் பன்னிரண்டு வருடம் உழைத்த அந்தப் பெட்டி, ஒருநாள் காலையில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரியைக் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடும். ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று இருக்கும். அல்லது ‘ஓப்பரேற்றிங் சிஸ்டம் நொட் ஃபவுண்ட்’ என்று இருக்கும். ‘நான் தொடங்குவதற்கு உரிய தட்டைக் காணவில்லை’ என்பதுதான் அதன் பொருள்.

‘காணவில்லை’ என்ற சொல்லை இலேசாகக் கேட்டுக்கொண்டு போக எங்களால் முடியாது. மனிதரையும் இயந்திரத்தையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. ஆனால் இயந்திரத்தின் விடயத்தில் இச்சொல்லுக்குத் தெளிவான ஓர் அர்த்தம் உண்டு. கணனிக்குத் தட்டு தெரியவில்லை என்றால் தட்டு அழிந்துவிட்டது என்று அர்த்தமல்ல. கணனிக்கும் தட்டுக்கும் இடையில் எங்கோ ஓரிடத்தில் தொடர்பு விட்டுப்போயிருக்கின்றது என்பதே அர்த்தம். அந்த இடத்தைத் தேடிப் பார்க்காமல் ‘முடிந்தது’ என்று நாங்கள் தீர்மானிக்கவும் கூடாது, பிறர் சொல்வதை உடனே நம்பவும் கூடாது. இந்த மாதம் நான் சொல்ல விரும்புவது இதைத்தான்.

நான் கணனித்துறை படித்தவள் அல்ல. சமூகவியல் படித்துவிட்டுக் கிராமம் கிராமமாகப் பெண்கள் குழுக்களுடன் வேலை செய்பவள். ஆனால் வேலையின் பாதி நாள் இந்தப் பெட்டிகளின் முன்னால்தான் கழிகின்றது. நெல்லியடியில் கணனி திருத்தும் ஒரு தம்பியிடம் கேட்டும், கூட இருந்து பார்த்தும், பெண்கள் குழுக்களில் செய்தும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகின்றேன். இவற்றில் பெரும்பகுதியை ஒரு திருகாணிச் சாவியும் ஒரு கொப்பியும் வைத்துக்கொண்டு நீங்களே செய்யலாம்.

தட்டுக்குள் இருப்பது என்ன?

‘ஹாட் டிஸ்க்’ என்று கடைகளில் சொல்லும் வன்தட்டுத்தான் கணனியின் பெட்டகம். திரை பழுதானால் வேறு திரை வாங்கலாம். விசைப்பலகை பழுதானாலும் அப்படியே. வன்தட்டுக்குப் பதிலாக இன்னொரு வன்தட்டு வாங்கலாம். அதற்குள் இருந்தவற்றை வாங்க முடியாது.

எங்கள் சங்கங்களின் வன்தட்டுகளில் என்ன இருக்கின்றது என்று சற்று எண்ணிப் பாருங்கள். சேமிப்புக் கணக்கு, சுழற்சிக் கடன் யாருக்கு எவ்வளவு நிலுவை என்ற பட்டியல், கூட்ட அறிக்கைகள், திட்ட முன்மொழிவுகள். இவற்றோடு 2009இற்குப் பின்னர் இன்னொரு வகைக் கோப்பும் சேர்ந்துகொண்டது. காணாமல் ஆக்கப்பட்டவரின் அடையாள அட்டைப் பிரதி, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, சர்வதேச செஞ்சிலுவைக் குழுவில் பதிந்த துண்டு, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு எழுதிய கடிதம், 2010இல் நியமிக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழுவுக்கும் 2013இல் நியமிக்கப்பட்ட ஆணைக்குழுவுக்கும் கொடுத்த வாக்குமூலங்கள், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான காணாமற்போனோர் அலுவலகத்துக்கு அனுப்பிய படிவங்கள். தாள் மழையில் நனையும், கறையான் அரிக்கும் என்று அஞ்சி இவற்றையெல்லாம் ஸ்கேன் செய்து கணனியில் போட்டு வைத்தோம். ஆகவே வன்தட்டு ஒன்று தெரியாமல் போவது எங்களுக்கு வெறும் இயந்திரக் கோளாறு அல்ல.

கரவெட்டியில் நடந்த ஒன்று

கரவெட்டியில் ஒரு பெண்கள் சேமிப்புக் குழுவின் கணனி 2023 மாரி காலத்தில் இப்படி நின்றது. குழுவின் செயலாளர் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா. அவருடைய கணவர் 2007இல் வேலைக்குப் போனவர், வீடு திரும்பவில்லை. கணனியைக் கட்டித் தூக்கி ஓட்டோவில் ஏற்றி ஒரு திருத்தகத்துக்குக் கொண்டுபோனார். அங்கே ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, ஹாட் டிஸ்க் செத்துவிட்டது, புதிது போட்டு விண்டோஸ் அடித்துத் தருகின்றோம், பழையதை விட்டுவிட்டுப் போகலாம் என்றார்களாம்.

அக்கா பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். என்னிடம் சொன்னது இதுதான்: “பிள்ளை, செத்துப் போச்சுது எண்டு சொல்லுறதுக்கு முன்னம் ஒருக்காத் திறந்தாவது பாத்திருக்க வேணும். அவை மூடியைக்கூடக் கழட்டேல்லை. அதுக்குள்ள இவற்ற கடிதம் முழுக்கக் கிடக்கு. நான் விட்டிட்டு வரமாட்டன்.”

மறுநாள் குழுவின் மூன்று பெண்களும் நானுமாக அந்தப் பெட்டியைத் திறந்தோம். ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அக்கா ஒரு கொப்பியில் பார்த்ததையெல்லாம் எழுதினார். எங்கே தொடர்பு விட்டிருந்தது என்பதை உரிய இடத்தில் சொல்கின்றேன். முதலில் பெட்டிக்குள் என்ன நடக்கின்றது என்று விளங்கிக்கொள்வோம்.

பெட்டி விழித்துக்கொள்ளும் ஒழுங்கு

பொத்தானை அழுத்தியதும் கணனி ஓர் ஒழுங்கில் விழித்துக்கொள்கின்றது. முதலில் பவர் சப்ளை என்ற மின் வழங்கி எல்லா உறுப்புகளுக்கும் மின்சாரம் கொடுக்கின்றது. வன்தட்டுக்குள் இருக்கும் தட்டுகள் சுழலத் தொடங்குகின்றன. சாதாரண மேசைக் கணனியின் தட்டு நிமிடத்துக்கு 7,200 தடவை சுழலும். அதன்பின் தாய்ப்பலகையில் உள்ள ‘பயோஸ்’ என்ற சிறிய நிரல், யார் யார் வந்திருக்கின்றீர்கள் என்று இடாப்புக் கூப்பிடுவது போல ஒவ்வோர் உறுப்பையும் கேட்கின்றது. வன்தட்டு தன் பெயரைச் சொன்னால் பயோஸ் அதைப் பதிந்துகொண்டு, அதிலிருந்து விண்டோஸை எடுத்துத் தொடங்குகின்றது.

ஆகவே வன்தட்டு தெரிவதற்கு நான்கு விடயங்கள் சரியாக இருக்க வேண்டும். அதற்கு மின்சாரம் போக வேண்டும். அதன் பதிலைக் கொண்டுவரும் கேபிள் சரியாக இருக்க வேண்டும். தாய்ப்பலகையில் அந்தக் கேபிள் செருகும் துளை வேலை செய்ய வேண்டும். பயோஸின் அமைப்புகள் சரியாக இருக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்று பிழைத்தாலும் திரையில் வருவது ஒரே செய்திதான்: காணவில்லை. வன்தட்டே பழுதானாலும் அதே செய்திதான். ஐந்து காரணங்களுக்கு ஒரே செய்தி என்றபடியால் செய்தியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

தையல் மெசினில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் மெசினை விற்றுவிடுகின்றோமா? முதலில் நூல் கோத்த முறையைப் பார்க்கின்றோம். பிறகு ஊசி வளைந்திருக்கின்றதா என்று பார்க்கின்றோம். பிறகு பொபினைக் கழற்றிப் பார்க்கின்றோம். இலகுவானதில் தொடங்கிக் கடினமானதுக்குப் போகின்றோம். இங்கும் அதே முறைதான். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும்.

பெட்டியைத் திறக்காமல் செய்யக் கூடியவை

முதலில் பென் ட்றைவ், சீ.டி. போன்றவை செருகியிருந்தால் எடுத்துவிடுங்கள். சில வேளைகளில் கணனி அவற்றிலிருந்து தொடங்க முயன்றுவிட்டு, முடியாமல் நிற்கும்.

அடுத்துக் காதைக் கொடுங்கள். பொத்தானை அழுத்தியதும் வன்தட்டு சுழலும் மெல்லிய ஓசை கேட்கின்றதா? ஓசையே இல்லையென்றால் பெரும்பாலும் மின்சாரம் போகவில்லை. ‘டிக் டிக்’ என்று ஒரே தாளத்தில் தட்டும் ஓசை கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். அது வன்தட்டின் உள்ளே வாசிக்கும் முனை தடுமாறுவதன் அறிகுறி. அந்த நிலையில் திரும்பத் திரும்ப இயக்கினால் இருப்பதும் அழியும். புதுவகை எஸ்.எஸ்.டி. தட்டுகளில் சுழலும் பகுதி இல்லை. அவற்றில் ஓசை இல்லாதது இயல்பு.

மூன்றாவதாகப் பயோஸைத் திறந்து பாருங்கள். பொத்தானை அழுத்திய உடனே ‘டிலீட்’ விசையை அல்லது ‘எஃப் 2’ விசையை விட்டு விட்டு அழுத்துங்கள். சில பெட்டிகளில் ‘எஃப் 10’ ஆக இருக்கும். வரும் பக்கத்தில் வன்தட்டின் பெயர் இருக்கின்றதா என்று தேடுங்கள். எதையும் மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் இருந்தால் நிம்மதியடையலாம். கணனிக்குத் தட்டு தெரிகின்றது. எதிலிருந்து தொடங்குவது என்ற வரிசை மாறியிருக்கலாம், அல்லது விண்டோஸ் பழுதாகியிருக்கலாம். வரிசையில் வன்தட்டை முதலாவதாக வைத்துச் சேமித்துவிட்டு மீண்டும் தொடக்கிப் பாருங்கள்.

அதே பக்கத்தில் திகதியையும் நேரத்தையும் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் தாய்ப்பலகையில் இருக்கும் சிறிய பற்றரி தீர்ந்துவிட்டது. ரூபாய்க் குற்றி போல வட்டமாக இருக்கும் ‘சி.ஆர். 2032’ என்ற 3 வோல்ற் பற்றரி அது. பெட்டிக்கு மின்சாரம் இல்லாத நேரத்தில் பயோஸின் நினைவைக் காப்பது அந்தப் பற்றரிதான். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். அப்படி நீண்ட நேரம் மின்சாரம் இல்லாமல் இருக்கும் பழைய பெட்டிகளில் இந்தப் பற்றரி விரைவில் தீரும். தீர்ந்ததும் பயோஸ் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும். தொடங்கும் வரிசையும் மாறலாம். வன்தட்டோடு பேசும் முறையும் மாறலாம். அம்முறை மாறினால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும். பற்றரியை மாற்றி, திகதியைச் சரிசெய்து, முன்பிருந்த முறைக்கு மாற்றிவிட்டால் சில பெட்டிகள் அப்படியே எழுந்துவிடும்.

விண்டோஸ் ஒழுங்காகத் தொடங்கி, இரண்டாவது தட்டு மாத்திரம் தெரியவில்லையென்றால் ‘டிஸ்க் மனேஜ்மென்ட்’ என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். தட்டு அங்கே இருந்து, அதற்குரிய எழுத்து மட்டும் இல்லாமல் இருக்கலாம். எழுத்தைக் கொடுத்தால் போதும். ஆனால் ‘இனிஷியலைஸ்’ செய்யவா, ‘ஃபோமற்’ செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று மூடிவிடுங்கள். வெற்றுத் தட்டாக்கிப் புதிதாகத் தொடங்கவா என்பதுதான் அந்தக் கேள்விகளின் பொருள்.

பெட்டியைத் திறந்து பார்ப்பது

பயோஸில் பெயரே இல்லையென்றால் மூடியைக் கழற்ற வேண்டும். சுவிச்சை மட்டும் நிறுத்தினால் போதாது, சுவரிலிருந்து வயரைக் கழற்றுங்கள். கழற்றிய பின் கணனியின் பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே எஞ்சிய மின் வெளியேறும். பெட்டியின் உலோகப் பகுதியை ஒருதரம் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எங்கள் உடலில் சேரும் நிலைமின் நுண்ணிய உறுப்புகளைத் தாக்காமலிருக்க இது உதவும்.

தூசியை வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் படும். உலர்ந்த, மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். பல்லி முட்டை, எறும்புப் புற்று எல்லாம் உள்ளே இருக்கும், அருவருக்க வேண்டாம்.

வன்தட்டின் பின்புறம் இரண்டு கேபிள்கள் வந்து சேரும். அகலமானது மின்சாரம் கொடுப்பது. ஒடுங்கலானது தரவைக் கொண்டுபோவது. அதன் பெயர் ‘சாட்டா’ கேபிள். (மிகப் பழைய பெட்டிகளில் பட்டி போன்ற அகலமான தரவுக் கேபிள் இருக்கும்.) ஒவ்வொன்றையும் இரு முனைகளிலும் கழற்றி, முனைகளை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, உறுதியாகத் திரும்பச் செருகுங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல் தலையைப் பிடித்துக் கழற்ற வேண்டும்.

இது சிறிய வேலைபோலத் தோன்றும். ஆனால் எங்கள் ஊருக்கு இதுவே முக்கியமானது. கரவெட்டி ஒரு பக்கம் தொண்டைமானாற்று நீரேரியையும் மறு பக்கம் சில மைல் தூரத்தில் கடலையும் உடையது. உப்புக் காற்றும் மாரி ஈரமும் உலோக முனைகளில் மெல்லிய படையாகப் படியும். கழற்றிச் செருகும்போது அந்தப் படை உரசி நீங்கி, தொடர்பு திரும்பக் கிடைக்கும்.

அப்படியும் தெரியவில்லையென்றால் தரவுக் கேபிளை மாற்றிப் பாருங்கள். இன்னொரு கணனியிலிருந்து கடனாக எடுத்தும் பார்க்கலாம். பிறகு தாய்ப்பலகையில் வேறொரு துளையில் செருகிப் பாருங்கள். பிறகு வேறொரு மின் முனையைக் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் மூடியை மூடி, மின் கொடுத்து, பயோஸில் பெயர் வருகின்றதா என்று பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள்.

கரவெட்டிக் குழுவின் கொப்பியில் நான்காவது வரியில்தான் விடை இருந்தது. கழற்றிச் செருகியபோது பெயர் வரவில்லை. வேறு துளையில் போட்டபோதும் வரவில்லை. வேறு மின் முனையிலும் வரவில்லை. தரவுக் கேபிளை மாற்றியபோது வந்தது. பழைய கேபிளின் ஒரு முனையில் பச்சை நிறமாகக் களிம்பு பிடித்திருந்தது. சில நூறு ரூபாய்க் கேபிள் அது. அக்கா அன்று விண்டோஸைத் திறந்து வேறொன்றும் பார்க்கவில்லை. முதலில் எல்லாவற்றையும் வேறொரு தட்டில் பிரதி எடுத்தார்.

உண்மையையும் சொல்ல வேண்டும். எல்லாம் மீளவில்லை. தொடர்பு விட்டு விட்டு வந்த நாட்களில் சில கோப்புகள் சிதைந்திருந்தன. ஸ்கேன் செய்தவற்றில் பதினொன்று திறக்கவில்லை. அவற்றில் எட்டுக்குத் தாள்கள் வீடுகளில் இருந்தன. மூன்றுக்குத் தாளும் இல்லை. ஆனால் திருத்தகத்தில் விட்டுவிட்டு வந்திருந்தால் ஒன்றும் மிஞ்சியிராது.

உலகம் கண்ட இரண்டு உதாரணங்கள்

இது எங்கள் ஊர்க் கேபிளுக்கு மட்டும் நேரும் விடயம் அல்ல. சீகேட் நிறுவனம் உலகின் மிகப் பெரிய வன்தட்டு உற்பத்தியாளர்களில் ஒன்று. 2009 ஜனவரியில் அதன் ‘பரகுடா 7200.11’ வகைத் தட்டுகள் பல நாடுகளில் திடீரெனத் தெரியாமல் போயின. மின் கொடுத்தால் பயோஸ் அவற்றைக் காணவே இல்லை. தட்டுக்குள் இருந்த சிறு நிரலில் பிழை இருந்தது. அது வைத்திருந்த நிகழ்வுக் குறிப்பின் எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட இலக்கத்தில் நிற்கும்போது மின் கொடுத்தால் தட்டு விழித்துக்கொள்ளாது. தரவு அழியவில்லை, எட்டாமல்தான் இருக்கின்றது என்று அந்த நிறுவனமே அறிவித்து, பிழை திருத்திய நிரலையும் வெளியிட்டது. செத்தது என்று நினைத்து அந்தத் தட்டை எறிந்தவர்கள் நல்ல கோப்புகளையும் சேர்த்தே எறிந்தார்கள்.

இரண்டாவது, 2011 ஜனவரி 31ஆம் திகதி இன்டெல் நிறுவனம் வெளியிட்ட அறிவித்தல். அந்நிறுவனத்தின் ‘6 தொடர்’ தாய்ப்பலகைச் சில்லில் வன்தட்டு செருகும் ஆறு துளைகளில் நான்கு காலப்போக்கில் பலவீனமடையக் கூடும் என்று கண்டுபிடித்தார்கள். முதல் இரண்டு துளைகளுக்குப் பாதிப்பில்லை. திருத்தவும் மாற்றிக் கொடுக்கவும் 70 கோடி டொலர் வரை செலவாகும் என்று நிறுவனம் மதிப்பிட்டது. வன்தட்டு முழுச் சுகம், பழுது துளையில். ‘வேறு துளையில் செருகிப் பாருங்கள்’ என்று மேலே சொன்னது இதனால்தான்.

செய்யக் கூடாதவை

வன்தட்டைத் திருகாணி கழற்றித் திறக்கக் கூடாது. வாசிக்கும் முனை தட்டில் தொடாமல், தலைமயிரின் தடிப்பில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில் மிதக்கின்றது. ஒரு தூசித் துகளே அதற்குப் பாறாங்கல்.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வேலை செய்யும் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். வெளியே எடுத்ததும் நீர் பனித்து உள்ளதையும் கெடுக்கும்.

மின் வழங்கிப் பெட்டியைத் திறக்கவே கூடாது. வயரைக் கழற்றிய பின்னும் அதற்குள் ஆபத்தான மின் தங்கியிருக்கும். தாய்ப்பலகையில் சிறு உருளைகளின் தலை ஊதியிருந்தாலோ கசிந்திருந்தாலோ அதைக் கொப்பியில் குறித்துத் திருத்துபவரிடம் சொல்லுங்கள். 2000ஆம் ஆண்டை அண்டிய வருடங்களில் தயாரான பல தாய்ப்பலகைகள் இக்குறையால் கெட்டன. அந்தக் காலப் பெட்டிகள் எங்கள் நிலையங்களில் இன்னும் இருக்கின்றன.

கடைக்குக் கொண்டுபோகும்போது

எல்லாம் செய்தும் தெரியவில்லையென்றால், வன்தட்டைக் கழற்றி இன்னொரு கணனியில் பொருத்திப் பார்க்க வேண்டும். யூ.எஸ்.பி. மாற்றி மூலமும் பார்க்கலாம். மேசைக் கணனியின் தட்டுக்கு 12 வோல்ற் தேவை. ஆகவே தனி மின் இணைப்புள்ள மாற்றியாக இருக்க வேண்டும். அங்கே தெரிந்தால் உடனே பிரதி எடுங்கள். அங்கும் தெரியாவிட்டால் இனித்தான் திருத்துபவரிடம் போக வேண்டும்.

போகும்போது சில விடயங்களைக் கவனியுங்கள். திரை, விண்டோஸ், மின் வழங்கி என்று வேறு பழுதுக்குப் பெட்டியைக் கொடுப்பதானால், வன்தட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள். விண்டோஸ் புதிதாகப் போடுவதானால் வேறொரு தட்டில் போடச் சொல்லுங்கள். வன்தட்டிலேயே வேலை என்றால் இருவராகப் போய், கூட இருந்து செய்வித்துக்கொண்டு வாருங்கள். பழைய தட்டை ஒருபோதும் விட்டுவிட்டு வராதீர்கள். அதற்குள் உங்கள் பெயர்கள், முகவரிகள், பெண் பிள்ளைகளின் படங்கள், நீங்கள் யாருக்கு எதிராக முறைப்பாடு எழுதினீர்கள் என்ற விபரம் எல்லாம் இருக்கின்றன. எங்கள் சூழலில் இது எவ்வளவு பாரதூரமானது என்று நீங்கள் அறிவீர்கள்.

கொப்பியையும் கொண்டுபோங்கள். ‘கேபிள் மாற்றினேன், துளை மாற்றினேன், பயோஸில் பெயர் வரவில்லை, ஓசை கேட்கின்றது’ என்று ஒரு பெண் சொல்லும்போது எதிரில் இருப்பவரின் பேச்சு மாறுவதை நான் பல தடவை பார்த்திருக்கின்றேன். ‘உங்களுக்கு உது விளங்காது அக்கா’ என்பது நின்றுவிடும். விளங்காது என்று சொல்லப்படுபவரே கூடுதலாக ஏமாற்றப்படுகின்றார். கணனி விடயத்தில் மட்டுமல்ல, காணி அலுவலிலும் கடன் அலுவலிலும் இதே கதைதான்.

பொருளாதாரத் தடை இருந்த 1990களில் பற்றரி கிடைக்காமல் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் எங்கள் தாய்மார். ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்துப் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள். வயர் எங்கே விட்டுப்போயிருக்கின்றது என்று தேடும் அறிவு எங்களுக்குப் புதிதல்ல.

பிரதி ஒன்றுதான் காவல்

எவ்வளவு திறமையாகத் தேடினாலும் எல்லாத் தட்டும் ஒருநாள் உண்மையாகவே பழுதாகும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடே இருளானது. அப்படித் திடீரென மின் நிற்பதும் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பைக் கெடுக்கும். ஆகவே மூன்று பிரதி என்ற வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். ஒன்று கணனியில். ஒன்று தனியான வெளித் தட்டில் அல்லது பென் ட்றைவில். மூன்றாவது வேறொரு வீட்டில். மாதக் கூட்டத்தன்று பிரதி எடுப்பதை நிகழ்ச்சி நிரலில் ஒரு விடயமாகவே சேர்த்துவிடுங்கள். எடுத்த பின் இரண்டு மூன்று கோப்பைத் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி பிரதியல்ல. கடவுச்சொல்லை இருவர் அறிந்திருக்கட்டும். ஸ்கேன் செய்துவிட்டோம் என்று மூலத் தாளை எறிய வேண்டாம்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்தில் ஒரு பிரதி இருந்த நூல்களை மீண்டும் சேர்க்க முடிந்தது. ஒரேயொரு பிரதியாக அங்கு மட்டும் இருந்த ஓலைச்சுவடிகள் திரும்பவே இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகத்தில் எங்கள் நூல்களையும் பத்திரிகைகளையும் மின்பிரதியாக்கி வைப்பது அந்தப் பாடத்தைப் படித்ததனால்தான். ஒரு சங்கத்தின் சேமிப்புக் கணக்குக்கும் ஒரு தாயின் முறைப்பாட்டுப் பிரதிக்கும் அதே காவல் வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது இந்தப் பக்கத்தையும் கொண்டுபோங்கள். கணனி நன்றாக வேலை செய்யும் நாளிலேயே ஒருதரம் மூடியைத் திறந்து, எந்தக் கேபிள் எது என்று எல்லோரும் பார்த்து வையுங்கள். பயோஸ் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். ஒரு கொப்பியைப் பெட்டிக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். பிறகு ஒருநாள் திரை ‘காணவில்லை’ என்று சொன்னால், அந்தக் கொப்பியின் முதல் வரியை நீங்களே எழுதத் தொடங்குவீர்கள்.